கிரீடம் என்று பொருள்

ஜூன் 3, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிட்டால் மனம் கொஞ்சம் அடங்கும்.

காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். குளியலறையில் வாளி உருண்டது. "ஏங்க" என்றேன். போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடந்தது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சகாயம்தான் தூக்கி ஏற்றினார்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் ஒரு பெண் கேட்டாள். "பேஷண்ட் பேரு?"

சகாயம் வண்டியை ஓரம் கட்டப் போயிருந்தார். யாராவது தெரிந்த முகம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"யம்மா, பேரு சொல்லுங்க. பின்னாடி ஆளுங்க நிக்குது."

"முதல் வேதசாட்சியோட பேரு."

"இன்னாது?"

"ஸ்தேவான்" என்றேன்.

அவள் ஸ்டீபன் என்று அடித்தாள். பொய் இல்லை. அதே பெயர்தான்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பாம். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

ஜூன் 4, புதன்

வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னல் ஓரக் கட்டில். ஆறு கட்டில், ஆறு ஆண்கள், ஆறு மனைவிகள். எல்லோரும் "ஏங்க" என்றுதான் கூப்பிடுகிறோம். பக்கத்துக் கட்டில்காரி பச்சையம்மா, திருக்கனூர்ப் பக்கம், வாய் ஓயாது.

"டீச்சரம்மா, நீங்க ஏங்கன்னா எங்க ஆளு திரும்புது. நான் ஏங்கன்னா கோடிக் கட்டிலு திரும்புது. உங்க ஆளு மட்டும் யாரு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குது. ரொம்ப ராங்கிக்காரரோ?"

சிரித்தேன். அழாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

கண் அவ்வப்போது திறக்கிறது. எதையும் பார்ப்பதில்லை.

ஜூன் 6, வெள்ளி

சகாயம் ஆதார் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். கவுண்டரில் நீட்டினேன்.

"இதுல வேற பேரு இருக்கே?" என்றாள் அதே பெண்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. இப்ப பாரு, சூசைன்னாலும் ஜோசப்னாலும் ஒரே ஆளு. இராயப்பர்னாலும் பீட்டர்னாலும் ஒரே ஆளு. அதுபோல..."

"டீச்சர், பாடம் அப்புறம் நடத்துங்க. மாத்திரை வாங்கணும்" என்று வரிசையில் யாரோ சத்தம் போட்டார்கள். என்னிடம் படித்தவளாக இருக்கும்.

அந்தப் பெண் ஒரு சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதிக்கொண்டாள். கட்டிலில் தொங்கும் அட்டையில் மட்டும் ஸ்டீபன் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும்.

பாரிஸிலிருந்து ஜெரோம் பேசினான். லீவு கிடைக்கவில்லையாம், பதினெட்டாம் தேதிக்குத்தான் டிக்கெட். போனை இவர் காதருகே வைத்தேன். "அப்பா, அப்பா" என்றான். நான்கு கட்டிலுக்கு அப்பால் ஒரு பெரியவர் "இன்னாடா" என்றார்.

ஜூன் 7, சனி

டாக்டர் பரணிதரன் இன்று என்னைத் தனியே கூப்பிட்டார். சின்ன வயசு. நிதானமாகப் பேசுகிறார்.

"அம்மா, உடம்பு ஆபத்தைத் தாண்டிடுச்சு. இனிமே பயிற்சிதான். மேல்மாடில பயிற்சிப் பிரிவு இருக்கு. இடம் கம்மி. கூப்பிட்டா திரும்புறவங்க, சொன்னதைச் செய்யிறவங்களுக்குத்தான் அங்க பலன் இருக்கும். நாங்களும் தினம் பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கறோம். ஒண்ணும் தெரியல."

"திரும்பலைன்னா?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். மூக்குக் குழாய் வழியாவே சாப்பாடு. படுக்கைப் புண் வராம பாத்துக்கணும். பதினாறாம் தேதி திங்கள் வரைக்கும் பாப்போம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். திரும்பினால் மேல்மாடி. இல்லையென்றால் வீடு, குழாய், ஜன்னல், நான்.

இரண்டு வேட்டி துவைத்தேன். வார்டில் கொடி கட்டக்கூடாதாம். குடைக்கம்பியில் காயப்போட்டேன்.

ஜூன் 9, திங்கள்

நர்ஸ் ஷீபா நல்ல பெண். கோட்டயம் பக்கம். இவரைத் துடைக்கும்போது "ஸ்டீபன் சாரே, கண்ணு திறக்கணே" என்று பாட்டுப்போலச் சொல்கிறாள். இவர் பாட்டு ரசிப்பவர் இல்லை.

இன்று வேலை குறைவு. இந்தப் பெயரைப் பற்றி எழுதுகிறேன். பள்ளியில் சரித்திரம் எடுத்த காலத்தில் உலகப்படத்தை மாட்டிவிட்டு ஒரு பெயரை அதன்மேல் நடத்திக் காட்டுவேன். பிள்ளைகளுக்குப் படையெடுப்பைவிட அது பிடிக்கும்.

கிரேக்கத்தில் ஸ்தெஃபானோஸ். கிரீடம் என்று பொருள். பொன் கிரீடம் என்றில்லை, பந்தயத்தில் ஜெயித்தவன் தலையில் வைக்கிற இலைக் கிரீடம். அந்தப் பெயருள்ள ஒருவரை எருசலேமில் விசுவாசத்துக்காகக் கல்லால் எறிந்து கொன்றார்கள், அவர்தான் முதல் வேதசாட்சி. கொன்ற பிறகுதான் பெயர் ஊர் ஊராகக் கிளம்பியது. லத்தீனில் ஸ்தெஃபானுஸ். ஸ்பெயின்காரர்களுக்கு ஸ் என்று தொடங்க நாக்கு வராது. நம் ஊரில் ஸ்கூலை இஸ்கூல் என்பதுபோல, முன்னால் ஓர் எகரம் போட்டு எஸ்தெபான். பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். பிறகு நடுவில் இருந்த ஸ் தேய்ந்தது, எத்தியேன் ஆனது. ஹங்கேரியில் இஷ்ட்வான், ராஜாக்களே வைத்துக்கொண்டார்கள். ரஷ்யாவில் ஸ்தெபான். அரபியில் இஸ்திஃபான். மலையாளத்தில் எஸ்தப்பான், அதைச் சுருக்கினால் ஈப்பன்.

இவர்கள் எல்லோரும் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். நம் ஆட்கள் மட்டும் சத்தத்தை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். கிரீடத்துக்கு நல்ல தமிழ்ச் சொல்லைப் போட்டு, பின்னால் ஓர் அப்பனைச் சேர்த்தார்கள். அதுதான் இவர் பெயர். அதை நான் சொல்வதில்லை.

கல்யாணமாகி வந்த வாரத்தில் மாமியார் சொன்னார், புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அப்போதே பி.எட். முடித்தவள். ஆனால் வீட்டில் எதற்குச் சச்சரவு என்று விட்டேன். விட்டது அப்படியே நின்றுவிட்டது. கோவிலில் புனிதர்களின் மன்றாட்டு மாலை சொல்லும்போது அந்தப் புனிதர் வரும் இடத்தில் எனக்கு மட்டும் இருமல் வரும். என் வகுப்பில் ஒருத்தியின் அப்பாவுக்கும் அதே பெயர். அவரை வருஷம் முழுக்க "தெரேசாவோட அப்பா" என்றே ஓட்டினேன். இந்த டைரியில்கூட, இத்தனை வருஷத்தில், 'இவர்'தான்.

பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கவேண்டும் என்று வந்தபோது மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். "பிரெஞ்சுல வெச்சிடலாம் அத்தே, நீங்களும் தாராளமா கூப்பிடலாம்" என்றாள். எத்தியேன், எத்தியேன் என்று தொண்டை வற்றக் கூப்பிட்டிருக்கிறேன். இவர் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார்.

ஆக ஒரே பெயர்தான். எந்த மொழியில் கூப்பிட்டால் என்ன.

ஜூன் 11, புதன்

முதுகு வலி. தயிர்சாதம். ஒன்றும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் ஷீபா தலையணை உறை மாற்றிக்கொண்டே கதை சொன்னாள்.

"டீச்சரே, எங்க அப்பச்சன், அதான் அப்பா, அவர் பேரும் இதுதானே. ரிக்கார்டுல ஸ்டீபன், ஊர்ல ஈப்பன். ஒருக்கா பேங்க்ல போய் உக்காந்திருக்கார். உள்ள இருந்து 'ஸ்டீபன், ஸ்டீபன்'னு விளிக்கிறாங்க. இந்தாளு பக்கத்தில இருக்கவரைப் பார்த்து, 'எந்தா, உங்களைத்தான் விளிக்கிறாங்க, போகலையா'ன்னு கேக்கிறார்! பேங்க் அடைச்சப்பறம் வீட்டுக்கு வந்து, அங்க ஒருத்தனும் என்னை மதிக்கலைன்னு அம்மைகிட்ட சண்டை."

பச்சையம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஷீபாவும் சிரித்தாள். "நல்லா காது கேக்கிற மனுஷன் டீச்சரே. அவருதுன்னு தோணலை, அவ்வளவுதான்" என்றாள்.

நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வெயில் அதிகம். டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

யாரும் பார்க்காதபோது காதருகே குனிந்து கூப்பிட்டுப் பார்த்தேன். எத்தியேன். எஸ்தெபான். இஷ்ட்வான். ஈப்பன்கூட.

"டீச்சரம்மா இன்னா மந்திரம் போடறீங்க?" என்றாள் பச்சையம்மா.

இவருக்கு உலகப்படம் எப்போதுமே பிடிக்காது. மில்லில் தறி ரிப்பேர் பார்த்த மனிதர். ஊர் எல்லை தாண்டினால் தலைவலி என்பார்.

ஜூன் 14, சனி

யோசித்துப் பார்த்தேன். இவரை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யார்? தெருவில் "ஃபிட்டர்". கோவிலில் "டீச்சர் வீட்டுக்காரர்". சகாயத்துக்கு "அண்ணே". மில்லில் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள், மீதிப்பேர் எந்த ஊரோ. கடைசியாகக் கூப்பிட்டது இவருடைய அக்கா ஞானம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் கேட்டில் நின்று, உள்ளே வரமாட்டார், முழுப்பெயரையும் நீட்டி, கடைசி எழுத்தை மேலே தூக்கி ஒரு குரல் கொடுப்பார். இவர் அப்படியே ஈரத் தலையோடு ஓடுவார். நாத்தனார் போய் இரண்டு வருஷமாகிறது.

இரண்டு வருஷமாக இவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை.

ஜெரோமுக்குப் போன் செய்தேன்.

"ஒரு தடவை அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுடா. ஸ்பீக்கர்ல போடறேன்."

"என்னம்மா பேசறீங்க?"

"டாக்டர் சொல்றாரு."

"அப்பாவை எப்படிம்மா நான்... வராதும்மா. நீங்க கூப்பிடுங்களேன்."

அவனும் தன் அம்மா வளர்த்த பிள்ளைதானே.

ஷீபாவுக்கு நாளையும் லீவு, திங்கள்கிழமைதான் வருவாள். இன்று டியூட்டியில் இருந்த நர்ஸிடம் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். பாரம், சீட்டு என்றால் எழுதுவதில் எனக்குத் தடை இல்லை, ரேஷன் கார்டு முதல் எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். அவள் ஒரு கையில் ஊசித் தட்டோடு, கால்மாட்டில் நின்றபடி, டோக்கன் கூப்பிடுவதுபோல ஒரு தடவை கூப்பிட்டாள்.

இமை அசைந்தது.

"அசைஞ்சுது பாத்தீங்களா?" என்றேன்.

"அது சும்மா அசையுதும்மா. எல்லாருக்கும் அசையும்." போய்விட்டாள்.

அசைந்தது.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் பூசைக்குப் போகவில்லை. வார்டிலேயே மன்றாட்டு மாலை சொன்னேன். பச்சையம்மா எங்கள் வேதம் இல்லை. ஆனாலும் கால் மடக்கி உட்கார்ந்து, நான் நிறுத்தும் இடத்திலெல்லாம் "ஆமாம்மா" என்றாள்.

இராயப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். சின்னப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அருளப்பரே. ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. தொண்டையில் அந்த இருமல் தயாராக வந்து உட்கார்ந்தது. விழுங்கினேன். அந்தப் புனிதரின் பெயரை முழுசாகச் சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை. மாலையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பார்.

புனிதரைச் சொல்வது வேறு. அதில் மரியாதை இருக்கிறது, 'ரே' இருக்கிறது. இவருக்குப் பழகினது அது இல்லை.

எழுந்து நின்றேன். கட்டிலை விட்டு நான்கு அடி தள்ளிப் போனேன். கேட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். நாத்தனார் கூப்பிடுவதுபோல, நீட்டி, கடைசி எழுத்தை மேலே தூக்கி, கூப்பிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் கண் திறந்தது. தலை மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. என் பக்கம் இல்லை. வாசல் பக்கம்.

"திரும்பறாரு! டீச்சரம்மா, திரும்பறாரு!" என்று பச்சையம்மா கத்தினாள்.

வாசலில் யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு தண்ணீர் கேன்தான் இருந்தது. கொஞ்ச நேரம் தேடட்டும் என்று விட்டேன். பிறகு கட்டிலருகே வந்து, இந்தத் தடவை சத்தமில்லாமல், என் சொந்தக் குரலில் கூப்பிட்டேன்.

கண் வாசலை விட்டுக் கிளம்பி, சுவர், ஜன்னல், பச்சையம்மா எல்லாவற்றையும் தாண்டி என்னிடம் வந்து நின்றது. ஒரு புருவம் மட்டும் ஏறியது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்ட நாட்களில் என்னைப் பார்ப்பாரே, அதே பார்வை. நீயா?

"ஆமா, நான்தான்" என்றேன். "வேற யாரு இருக்கா?"

அதன்பிறகு சாயங்காலம் வரை அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறுகிறது, இறங்குகிறது. மாமியார் சொன்னதில் நம்பிக்கை கிடையாது என்று எழுதியிருக்கிறேன். இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

காலை ரவுண்ட்ஸ். டாக்டர் பரணிதரன், அவர் பின்னால் நான்கைந்து பயிற்சி டாக்டர்கள், ஷீபா. டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"ஸ்டீபன். ஸ்டீபன்! இங்க பாருங்க."

ஒன்றும் இல்லை. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இரக்கம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"அது அவரு பேரு இல்ல டாக்டர்."

"பின்ன?"

"நான் கூப்பிடறேன்."

கூப்பிட்டேன். அத்தனை பேர் முன்னால். காது சுட்டது. அவர் திரும்பினார்.

"கையைத் தூக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"கையைத் தூக்குங்க" என்றேன். வரவில்லை. முன்னால் பெயரைச் சேர்த்துச் சொன்னேன். இடது கை போர்வைக்குள் நெளிந்து வெளியே வந்தது. மேலே உயர்ந்து, கட்டைவிரலும் நிமிர்ந்து நின்றது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார் டாக்டர். இன்னொரு முறையும் நின்றது.

ஷீபா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பச்சன் மாதிரியே" என்றாள் மெதுவாக.

"அட்டைல ஏன் ஸ்டீபன்னு இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் கொடுத்தேன்."

"ஏன்?"

எங்கிருந்து தொடங்குவது? கிரேக்கத்திலிருந்தா, மாமியாரிடமிருந்தா?

"தப்பாச் சொல்லிட்டேன் டாக்டர்" என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு சின்னதாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

அவர் பேனாவை எடுத்துப் பெயரை அடித்துவிட்டு, "சரியான பேரைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். இந்தத் தடவை காது அவ்வளவு சுடவில்லை. மேல்மாடிக்கு எழுதினார்.

மாற்றும்போது பச்சையம்மா லிஃப்ட் வரை வந்தாள். "எங்க ஆளையும் ஒருக்கா பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கட்டுமா டீச்சரம்மா?"

"அவருக்குத்தான் காது நல்லா கேக்குதே."

"கேக்குது. கேட்டமாதிரி காட்டிக்கிறதில்லையே!"

ஜூன் 17, செவ்வாய்

மேல்மாடியில் காற்று வருகிறது. கொடியும் இருக்கிறது. நாள் முழுக்கத் தூங்கினேன். நர்ஸ் இரண்டு தடவை எழுப்பி, பேஷண்ட் நீங்களா அவரா என்று கேட்டாள்.

ஜூன் 19, வியாழன்

ஜெரோம் காலையில் வந்துசேர்ந்தான். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். நான் கஞ்சியை ஆற்றியபடி கூப்பிட்டபோது அவன் கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறந்ததிலிருந்து என் வாயில் அவன் கேட்காத சொல்.

"அம்மா" என்றான்.

"சும்மா இரு. இப்ப விட்டா திரும்ப மாட்டாரு" என்றேன்.

முடியப்பன் இன்று ஸ்பூனால் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார். இரண்டு வேட்டி துவைத்துப் போட்டேன். மழை வரும்போல இருக்கிறது, எடுக்கவேண்டும்.